முப்பத்தெட்டு வீட்டுப் பால்

அத்தியாயம் 14

காலை ஒன்பதே காலுக்கு அந்த லாரி டெல்லி துவாரகாவின் புதுக் கட்டடத்து வாசலில் வந்து நின்றது. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'பத்திரம் பேக்கர்ஸ்'.

கவிதா இறங்கினாள். பின்னாலிருந்து ஐந்து ஆட்கள் குதித்தார்கள். ஷ்வேதா மட்டும் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி, இறங்கல?"

"எல்லாரும் என்னையே பார்ப்பாங்கம்மா. 'ஆடி ஆஃபர் பொண்ணு வந்திருக்கா'ன்னு."

"பாக்கட்டும். பாக்கிற மாதிரிதானே செஞ்சு வச்சிருக்க. இறங்கு."

மூன்று வாரத்துக்கு முன் ஷ்வேதா செய்த காரியம் அப்படி. குர்காவில் விளம்பர கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு அப்பா அம்மாவின் வீடு மாற்றும் கம்பெனிக்கு வந்தாள். வந்த வேகத்தில், சென்னைத் துணிக்கடைகள் ஆடித் தள்ளுபடியில் கூட்டத்தை அள்ளுவதை போனில் பார்த்தாள். உடனே ஒரு போஸ்டர் தயார். 'ஆடி ஆஃபர்! ஆடி மாதம் வீடு மாற்றினால் முப்பது சதவீதம் தள்ளுபடி!' டெல்லியிலுள்ள அத்தனை தமிழ் வாட்ஸப் குழுக்களுக்கும் பறந்தது.

ஆடியில் தமிழன் புடவை வாங்குவான், மிக்ஸி வாங்குவான், கட்டில்கூட வாங்குவான். வீடு மட்டும் மாற்ற மாட்டான். வடக்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியவில்லை. அனுப்புமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே பதில்கள் வரிசை கட்டின. 'அஷ்டமி ராகு காலத்துல கல்யாண மண்டபம் பாதி விலையா?' என்று ஒருவர். 'பால் பெட்டி கம்பெனி இதுதானா? இதுகூடத் தெரியாதவங்களா?' என்று இன்னொருவர்.

முதல் கேள்விக்குக் கவிதா சிரித்தாள். இரண்டாவதுக்குச் சிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு தமிழ் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை.

பால் பெட்டி கவிதாவின் கண்டுபிடிப்பு. புருஷன் பூவராகவன் விமானப் படையில் இருந்த இருபது வருஷத்தில் பதினோரு வீடு மாறியவள் அவள். ஜோத்பூரானாலும் தேஜ்பூரானாலும், புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டிய பாத்திரம் எப்போதும் அடிப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும். பூவராகவன் ஓய்வு பெற்று இந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எந்த வீட்டிலும் முதலில் இறங்குவது ஒரு தனிப் பெட்டி. உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, தீப்பெட்டி, வாய் குறுகிய எவர்சில்வர் பாத்திரம், கல் உப்பு, மஞ்சள், துவரம் பருப்பு, ஒரு விளக்கு. வீட்டுக்காரம்மா பால் பொங்க வைத்த பிறகுதான் சோபாவும் ஃப்ரிட்ஜும் லாரியை விட்டு இறங்கும்.

அதற்குத் தனிக் காசு கிடையாது. பதினோரு வருஷமாக விளம்பரமும் கிடையாது. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்தார்கள்.

இன்று வந்திருப்பது கடைசி வாய்ப்பு.

லக்ஷ்மிபாய் நகர்க் குவார்ட்டர்ஸில் இருந்த முப்பத்தெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய அடுக்குமாடி சொசைட்டி இது. குவார்ட்டர்ஸை ஜூலை முப்பத்தொன்றுக்குள் காலி செய்தாக வேண்டும். புது வீட்டின் சாவியோ இழுத்தடித்து நேற்று மாலைதான் கைக்கு வந்தது. நாளை ஆடி பிறக்கிறது.

நேற்று இரவு எல்லாரும் தலையில் கை வைத்திருந்தபோது கமிட்டி முன்னால் போய் நின்றவள் கவிதா. "ஆனி முடியறதுக்குள்ள பால் காய்ச்சிட்டா, சாமான் ஆடியில போகலாம். தோஷம் இல்ல. நாளைக்கே முப்பத்தெட்டு வீட்டுலயும் பொங்கணும். நான் பொங்க வைக்கிறேன்."

கமிட்டிச் செயலாளர் ராமமூர்த்தி மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவர். யோசனையை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஆளை ஏற்றுக்கொள்ளவில்லை. 'ஜிப்மூவ்' என்ற பெரிய கம்பெனியும் அதையே செய்கிறேன் என்று வந்திருந்தது. ஒன்று முதல் ஐந்து மாடிவரை பத்திரம் பேக்கர்ஸ். ஆறு முதல், இரண்டே வீடு உள்ள பத்தாம் மாடிவரை ஜிப்மூவ். யார் நன்றாகச் செய்கிறார்களோ, அவர்களுக்கே முப்பத்தெட்டு வீட்டுச் சாமானும். முடிவு இன்று மதியம்.

நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. ஒரே மணி நேரம்.

---

"சிலிண்டர் லிஃப்ட்டுல நஹீ ஜாயேகா, சாப்" என்று மறித்தார் காவலாளி.

பூவராகவன் வாதாடவில்லை. "டீக் ஹை, பையா. படிக்கட்டு இருக்கே." ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மாடிக்கு ஒரு பெட்டி. அந்த மாடியில நாலு வீடு. முடியற வரைக்கும் பெட்டி மேலயும் போகாது, கீழயும் வராது. புரிஞ்சுதா? ஜல்தி!"

ஐந்து ஆட்கள், ஐந்து பெட்டிகள். மீதி நாலு பெட்டிகள் லாரியிலேயே இருந்தன. மேற்பார்வையாளன் சிவகுமார் கடைசி ஆளையும் ஏற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தான். ஜங்புராவில் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தவரை வேலைக்கு அரை மணியில் வந்துவிடுவான். அதை இடித்த பிறகு ஊர்க் கோடியிலுள்ள நரேலாவிலிருந்து மூன்று பஸ். இன்று நாலரை மணிக்கே கிளம்பியிருந்தான்.

அப்போது பலூன்கள் வந்தன.

ஆரஞ்சு பனியன் போட்ட பத்துப் பேர், ஒரு கேமராமேன், வழவழப்பான வெள்ளைப் பெட்டிகள். முன்னால் வந்தவன் அர்விந்த். குர்காவ் கம்பெனியில் ஷ்வேதாவுக்குப் பக்கத்து மேஜை. இப்போது ஜிப்மூவின் மார்க்கெட்டிங் தலைவன்.

"ஹாய் ஷ்வேதா! ஆடி ஆஃபர் எப்படிப் போகுது?"

ஷ்வேதா பெட்டியின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். 'மில்க் மொமென்ட்.'

"பேர் எப்படி இருக்கு? நீ கேன்டீன்ல சொன்ன கதைதான். பதினோரு வருஷமா செய்றீங்க, ஒரு லோகோகூட வைக்கல. வேஸ்ட்!"

ஷ்வேதா அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, நம்ம பால் பெட்டியை அப்படியே காப்பி அடிச்சிருக்கான். நான்தான் அவன்கிட்ட சொன்னேன். என்னாலதான்."

"உள்ள என்ன அடுப்பு?"

"இண்டக்‌ஷன். ரொம்ப அழகா இருக்கு."

பக்கத்தில் நின்ற பூவராகவன் சட்டென்று நிமிர்ந்தார். நேற்று மாலை பத்து மாடியும் ஏறி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தவர் அவர். நேராக அர்விந்திடம் போனார்.

"தம்பி, வீடுகளுக்கு மீட்டர் இன்னும் வைக்கல. கரண்ட் கிடையாது. வேற அடுப்புக்கு ஏற்பாடு பண்ணிக்கோங்க."

அர்விந்த் சிரித்தான். "அங்கிள், லிஃப்ட் ஓடுது. லைட் எரியுது. டென்ஷன் ஆகாதீங்க."

"அது ஜெனரேட்டர் தம்பி. படிக்கட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் மட்டும்தான்."

"அச்சா அங்கிள், அச்சா." அவன் கேமராமேனை அழைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போய்விட்டான்.

---

பத்து நாற்பத்தைந்து.

முதல் மாடி முதல் வீட்டில் அடுப்பு பற்றியது. ஏழாவது நிமிஷம் பால் நுரை கட்டி, விளிம்பைத் தாண்டி, கிழக்குப் பக்கம் வழிந்தது.

"பொங்கிடுச்சு!"

அந்தக் குரல் படிக்கட்டு வழியாக ஏறியது. இரண்டாம் மாடி பதில் சொன்னது. அப்புறம் நாலாவது, மூன்றாவது. ஐந்தாம் மாடியில் ஒரு பெண்மணி பாத்திரத்தைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள். கவிதா அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். "உப்பை உள்ள வச்சிட்டீங்களா? வலது காலை எடுத்து வைங்க. சார், நீங்க நகருங்க, இது அம்மாவோட வேலை!"

பதினொன்று அடிக்கும்போது கீழே பத்து வீடுகள் முடிந்திருந்தன.

மேலே இருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஷ்வேதா லிஃப்ட்டில் பத்தாம் மாடிக்குப் போனாள். ராமமூர்த்தியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெறும் சமையலறை மேடையில் வெள்ளை அடுப்பு செத்துக் கிடந்தது. அர்விந்த் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். ராமமூர்த்தியின் மனைவி வத்சலா பட்டுப் புடவையில் பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னடா அம்பி, எரியுமா எரியாதா? மணி ஆறதே!"

"டூ மினிட்ஸ் ஆண்ட்டி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கேன்."

"எலக்ட்ரீஷியன் வந்து என்னத்தப் பண்ணுவான்? மீட்டரே இல்லைங்கறா!"

ஷ்வேதாவின் போன் தானாகவே உயர்ந்தது. வெள்ளை அடுப்பு, பிளக், அர்விந்தின் வியர்வை, வத்சலாவின் கையில் காயாத பால். இருபத்திநாலு வினாடி. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள்.

வெளியே வந்தாள். ஆயிரம் பேர் இருக்கிற அதே வாட்ஸப் குழு. அவளைப் பார்த்துச் சிரித்த அதே ஆயிரம் பேர். வீடியோவைச் சேர்த்தாள். தலைப்பும் அடித்தாள். 'ஜிப்மூவின் மில்க் மொமென்ட்.' கட்டைவிரல் அம்புக்குறியின் மேல் நின்றது.

"என்னாடி பண்ற?"

கவிதா படிக்கட்டில் மூச்சிரைக்க வந்து நின்றாள். மேலே சத்தமில்லை என்றதும் அவளும் ஏறி வந்திருக்கிறாள். போனை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒண்ணு போதும். அவங்க கம்பெனி இன்னிக்கே காலி. ஆடி ஆஃபரை எல்லாரும் மறந்துடுவாங்க. மார்க்கெட்டிங்ல இதைவிடப் பெரிய அடி கிடையாது!"

"இந்த வீடியோவுல நிக்கிறது யாரு?"

"அர்விந்த்."

"அவன் பக்கத்துல?"

ஷ்வேதா போனை எட்டிப் பார்த்தாள்.

"வத்சலா மாமி. புது வீட்டுல முதல் நாளு, பொங்காத பாலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. ஊரெல்லாம் அதைப் பாக்கணுமா? நாளைக்கு அவங்க வீட்டுல யாருக்கு ஜுரம் வந்தாலும் இந்த வீடியோதான்டி ஞாபகம் வரும்."

"ஆனா அம்மா..."

"நீ ஆளைக் கூப்பிடற. நல்லாத்தான் கூப்பிடற. கூப்பிட்டு வந்தவங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதோ, அதுதான் நம்ம பேரு. லாரியில நாலு பெட்டி சும்மா கெடக்கு. மணி பதினொண்ணு அஞ்சு. என்னா செய்யணும்னு நீயே சொல்லு."

ஷ்வேதா போனைத் திரும்ப வாங்கினாள். வீடியோவை அழித்தாள். அதே விரலால் முப்பத்தெட்டு வீட்டு போன் எண்களையும் எடுத்தாள். ஆடி போஸ்டருக்காகச் சேர்த்து வைத்திருந்த பட்டியல். மேல் மாடி பதினெட்டு வீடுகளுக்கும் தட்டினாள்.

'யாரும் கீழே இறங்க வேண்டாம். அடுப்பு மேலே வருகிறது. மேடையைத் துடைத்து, பாலை ஊற்றித் தயாராக நில்லுங்கள். உங்கள் வீட்டு நேரம் இதோ.' ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நேரம். 701, பதினொன்று எட்டு. 702, பதினொன்று பதினேழு.

கவிதா அதைப் படித்துவிட்டு, "ம்" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

படிக்கட்டுச் சந்தில் தலையை நீட்டிக் கத்தினாள். "ஏங்க! நாலு பெட்டி! மேல!"

---

ஆள் போதவில்லை. ஐந்து பேரும் கீழ் மாடிகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மாடிப் பெட்டியைக் கவிதா தூக்கினாள். ஏழு, ஷ்வேதா. எட்டாம் மாடிக்குப் பூவராகவன் ஐம்பத்தேழு வயசு முழங்காலோடு ஏறினார். ஒன்பதாம் மாடிக்குச் சிவகுமார் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

"பத்தாம் மாடி?" ஷ்வேதா கத்தினாள்.

"அஞ்சாம் மாடிப் பெட்டி முடிஞ்சதும் நேரா பத்துக்கு!" பூவராகவனின் குரல் எங்கேயோ மேலிருந்து வந்தது.

701-ல் கதவு திறந்தே இருந்தது. மேடை பளபளவென்று துடைத்திருந்தது. பால் தயார். ஷ்வேதா இதுவரை ஒரு பால் பெட்டியையும் திறந்ததில்லை. முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

"நிதானமா பத்த வைம்மா" என்றாள் அந்த வீட்டுப் பெண். "நேரம் போட்டு அனுப்பினது நீதானே? அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது."

மூன்றாவது குச்சி பற்றியது.

பதினொன்று பதினாறுக்கு ஏழாம் மாடியில் முதல் பால் வழிந்தது. ஷ்வேதா தன்னை மறந்து, "பொங்கிடுச்சு!" என்று கத்தினாள். ஆறாம் மாடியிலிருந்து கவிதாவின் குரல் பதில் சொன்னது. எட்டு. ஒன்பது. இப்போது கட்டடம் முழுவதும் அந்த ஒரே வார்த்தை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு பனியன்காரர்களில் இரண்டு பேர் தாங்களாகவே வந்து தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். கேமராமேன் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வீட்டில் விளக்கேற்றிக் கொடுத்தான்.

பதினொன்று முப்பத்தாறு. முப்பத்தைந்து வீடுகள்.

பதினொன்று நாற்பது. முப்பத்தேழு.

பாக்கி ஒன்றே ஒன்று. பத்தாம் மாடி, ராமமூர்த்தி வீடு.

ஷ்வேதா அங்கே ஓடியபோது எல்லாரும் ஏற்கெனவே சமையலறையில் இருந்தார்கள். பாலின் ஓரத்தில் குமிழ் வரத் தொடங்கியிருந்தது. அப்போது நீலச் சுவாலை ஒரு தரம் விக்கியது. சுருங்கியது. அணைந்தது.

ஐந்தாம் மாடியில் நாலு வீடு, இங்கே ஒரு வீடு. ஐந்து வீட்டுக்கு எரிந்த அந்தச் சின்ன சிலிண்டர் காலி.

வத்சலா கண்ணை மூடிக்கொண்டாள். ராமமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணு."

"சிவா!" பூவராகவன் கத்தின கத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

ஒன்பதாம் மாடியில் அப்போதுதான் அடுப்பை அணைத்திருந்த சிவகுமார் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. அடுப்பு ஒரு கையில், சிலிண்டர் ஒரு கையில். படிக்கட்டு அவன் காலடியில் படபடத்தது. மேடையில் வைத்தான். கவிதா பாத்திரத்தை மாற்றினாள். தீப்பெட்டியை வத்சலாவிடம் நீட்டினாள்.

"நீங்களே மாமி. உங்க வீடு."

வத்சலா பற்ற வைத்தாள்.

பால் நடுவில் குழிந்தது. மெல்ல உப்பியது. வெள்ளை வளையம் கழுத்துவரை ஏறியது, தயங்கியது.

"பொங்கு, பொங்கு" என்று முணுமுணுத்தது யாரென்று பார்த்தால், அர்விந்த்.

பொங்கியது. கிழக்கே வழிந்து, அடுப்பில் சொய்யென்று விழுந்து, மேடையெல்லாம் ஓடியது.

"நாப்பத்திநாலு!" ராமமூர்த்தி குதித்தார். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்த மனிதர் குதித்ததை அன்றுதான் வத்சலா பார்த்தாள்.

---

கமிட்டி தனியாகக் கூடவே இல்லை. அந்தச் சமையலறையிலேயே முடிந்தது.

"இதுல ஓட்டெடுக்க என்ன இருக்கு?" என்றாள் வத்சலா. "என் கண் எதிர்ல அந்தப் பொண்ணு போனை எடுத்தா. படம் பிடிக்கறான்னு தெரிஞ்சுது. அவமானமா இருந்துது. அப்புறம் பாத்தா, அதே போன்லேர்ந்து எனக்கு மெசேஜ் வரது, மாமி, அடுப்பு வரதுன்னு. எல்லா வீட்டுச் சாமானும் இவாகிட்டதான்."

ஷ்வேதா தலை குனிந்தாள். கவிதா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வாசலில் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஒரு குறும்புக்காரர் கேட்டார்: "ஏம்மா, அப்ப ஆடி ஆஃபர் உண்டா இல்லையா?"

"உண்டு சார்!" என்றாள் ஷ்வேதா, தலையை நிமிர்த்தி. "உங்க முப்பத்தெட்டு வீட்டுக்கு மட்டும்!"

கட்டடமே சிரித்தது. மூன்று வாரத்துக்கு முன் கேட்ட சிரிப்பு மாதிரி இல்லை இது.

ராமமூர்த்தி ஒப்பந்தத் தாளை எடுத்து மேடையில் விரித்தார். அந்த நேரத்தில் அர்விந்த் ஷ்வேதாவின் பக்கத்தில் வந்தான். முகத்தில் கேலி இல்லை; சங்கடம்தான் இருந்தது.

"ஷ்வேதா, நீ அந்த வீடியோவைப் போடல. அதனால சொல்றேன். 'பத்திரம்'ங்கிற பேரை எங்க கம்பெனி போன மாசமே டிரேட்மார்க் பதிவுக்குப் போட்டாச்சு. நீங்க பதிவே பண்ணலையாம். உங்களுக்கு நோட்டீஸும் போயிருக்கு. அந்தப் பேர்ல கையெழுத்துப் போட்டா, நாளைக்கே வக்கீல் வருவார்."

ஷ்வேதா திரும்பிப் பார்த்தாள். கவிதா பேனாவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்." காதோடு சொன்னாள்.

கவிதா கேட்டாள். பேனா நுனி தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பிறகு ராமமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், கம்பெனி பேர் வேணாம். என் பேர்லயே எழுதலாமா?"

ராமமூர்த்தி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "தாராளமா. கம்பெனி பேரை இங்க யார் சொல்றா? 'கவிதாம்மா எத்தனை மணிக்கு வரா'ன்னுதானே காலம்பறலேர்ந்து எல்லாரும் கேக்கறா." அச்சிட்ட பெயரை அவரே அடித்தார். அரசாங்க வழக்கப்படி ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். மேலே எழுதினார்: 'திருமதி கவிதா பூவராகவன்.'

கவிதா கையெழுத்துப் போட்டாள். கைதட்டல் படிக்கட்டுவரை போனது.

அவள் மட்டும் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பத்து மாடியும் சுவிட்சு சுவிட்சாகத் தட்டிப் பார்க்கிற மனிதர். அந்த மனிதர் இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. நோட்டீஸ் எப்ப வந்துது?"

"பதினஞ்சு நாளாச்சு, கவி."

"ஆடி போஸ்டருக்கு அப்புறம்."

"ஆமா. போன் வர்றதே நின்னு போச்சு. இனிமே ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"பதில் போட்டீங்களா?"

பூவராகவன் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் நின்ற கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. யாரோ கவிதாவின் கையில் சர்க்கரை போட்ட பாலைத் திணித்தார்கள், யாரோ ஷ்வேதாவைக் கட்டிக்கொண்டார்கள். "கவிதாம்மா! முதல் வாய் நீங்கதான் குடிக்கணும்!"

கவிதா குடித்தாள். கண்கள் மட்டும் டம்ளருக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போட்டேன்" என்றார் பூவராகவன். "பேரை அவங்களே வச்சிக்கட்டும்னு."